வீடு என்பது எத்தனை மில்லி விநாடிகள்?

வீடு என்ற சொல்லைப் புரிந்துகொள்வது நம் மொழியில் கடினமன்று, வரையறுப்பதுதான் கடினம். குடியிருக்கும் கட்டடமும் வீடுதான், அதற்குள் வாழ்பவர்களும் வீடுதான், பிறவி தீர்ந்தபின் அடைவதும் வீடுதான். ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் செங்கல்லையும் சுண்ணாம்பையும் கேட்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லை வகுக்காமலே தலைமுறைகளாகப் புழங்கிவந்த இந்தச் சொல்லுக்கு, 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் சில பொறியாளர்கள் எண்களைக் கொண்டு எல்லை வகுத்தார்கள். அவர்களைக் குறைசொல்வதற்கில்லை. ஒரு திரைப்படத்தை விலைகொடுத்து வாங்கியவர் அதை எந்தெந்தத் திரையில் பார்க்கலாம் என்பதை ஓர் இயந்திரம் தீர்மானிக்க வேண்டுமானால், அவருடைய வீடு எங்கே முடிகிறது என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரிந்தாக வேண்டும். அப்படி வகுக்கப்பட்ட எல்லைகளில் ஒன்று 7 மில்லி விநாடி. அதற்குப் பிறகு வருவோம்.

நாங்கள் உடன்பிறந்தோர் மூவர். சென்னை, திருச்சி, பெங்களூர் என்று மூன்று ஊர்களில் மூன்று குடித்தனங்கள். அம்மா ஆண்டுக்கு நான்கு நான்கு மாதங்களாக மூன்று வீடுகளிலும் இருப்பார். அவருடைய பையில் துணிமணிகளோடு புத்தகங்களும் ஊர் மாறும். ஒரு வீட்டில் பாதி படித்த நாவலை அடுத்த வீட்டில் முடிப்பார். ஒலிநாடாக்கள் இருந்த காலத்தில் அவையும் இவ்வாறே சுற்றிவந்தன. யாருடைய பணத்தில் வாங்கியது என்ற கேள்வி ஒருபோதும் எழுந்ததில்லை. இன்று அந்த மூன்று வீடுகளிலும் தொலைக்காட்சி, கைபேசி, கணினி, மின்னூல் வாசிப்பான் என்று இருபதுக்குக் குறையாத திரைகள் இருக்கின்றன. ஆனால் விலைகொடுத்து வாங்கிய ஒரு பாட்டோ படமோ நூலோ ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்குப் போவது, அம்மாவின் பையில் புத்தகம் போவதைப் போல எளிதாக இல்லை. ஏன் இல்லை, எளிதாக்குவதற்கு யார் யார் முயன்றார்கள், அந்த முயற்சிகள் என்னவாயின என்பதைச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. எங்களுக்கு இது தொழில்நுட்ப வரலாறு என்பதைவிட ஒரு சொல்லின் வரலாறாகவே படுகிறது.

டிஜிட்டல் உரிமை மேலாண்மை என்று நீட்டியும் டிஆர்எம் என்று சுருக்கியும் சொல்லப்படுவது ஒருவகைப் பூட்டு. ஆனால் நாம் பழகிய பூட்டன்று. நாம் வாங்கும் பூட்டின் சாவி நம் இடுப்பில் இருக்கும். இங்கே பூட்டிய பொருள் நம் வீட்டில் இருக்கிறது, சாவி கருவியின் வயிற்றுக்குள் இருக்கிறது, எப்போது திறக்கலாம் என்ற அனுமதி விற்றவரிடம் இருக்கிறது. பாட்டையோ படத்தையோ மறையீடு செய்து ஒரு கோப்பாகத் தருவார்கள். அதைத் திறக்கும் சாவியும், எத்தனை முறை, எத்தனை நாள், எந்தக் கருவியில் என்ற நிபந்தனைகளும் உரிமம் என்ற வேறொரு சிறு கோப்பில் வரும். அந்த உரிமமும் குறிப்பிட்ட கருவியின் அடையாளத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கும். கருவி தனக்குள்ளேயே பூட்டைத் திறந்து நமக்குக் காட்சியை மட்டும் காட்டும், சாவியைக் காட்டாது. ஆகவே இந்த ஏற்பாட்டில் விற்றவர் நம்புவது வாங்கிய மனிதரை அன்று, அவருடைய கருவியை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பூட்டு, தனக்கென்று ஓர் உரிம மொழி, தான் நம்பும் கருவிகளின் பட்டியல் என்று வைத்துக்கொண்டபோது, ஒரு கடையில் வாங்கியது மற்றொரு கடையின் கருவியில் திறக்காமல் போனதில் வியப்பில்லை.

தொடக்கத்தில் இவ்வளவு பூட்டுகள் இருக்கவில்லை. 1996-இல் ஜப்பானில் டிவிடி சந்தைக்கு வந்தபோது சிஎஸ்எஸ் என்ற ஒரே மறையீடுதான் இருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட எந்த நிறுவனத்தின் கருவியும் எந்தப் படப்பிடிப்பு நிறுவனத்தின் தகட்டையும் ஓட்டும். அந்த அளவில் அது ஒத்திசைவுதான். ஆனால் அதனோடு ஒரு வரைபடமும் வந்தது. உலகம் 6 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது; அமெரிக்கா 1, இந்தியா 5. நியூஜெர்சியிலிருந்து உறவினர் ஆசையோடு வாங்கிவந்த தகடு எங்கள் கருவியில் ஓட மறுத்தது இப்படித்தான். தகட்டிலும் பழுதில்லை, கருவியிலும் பழுதில்லை. கடல் கடந்து வரும் உறவினர் என்ற ஒருவரை அந்த வரைபடம் போட்டவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 1999-இல் நார்வேயைச் சேர்ந்த 15 வயது யோன் லெக் யோஹான்சென் வேறு சிலரோடு சேர்ந்து சிஎஸ்எஸ் பூட்டைத் திறக்கும் மென்பொருளை வெளியிட்டார். லினக்ஸ் கணினியில் டிவிடி பார்ப்பதற்காக என்பது அவர் தரப்பு வாதம். 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் விடுதலையானார். விலைகொடுத்து வாங்கிய தகட்டைத் தன் கருவியில் பார்ப்பதற்கு வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பூட்டுகள் பெருகியது இசையில்தான். 2003 ஏப்ரலில் ஆப்பிள் ஐட்யூன்ஸ் இசைக் கடையைத் திறந்து, ஒரு பாட்டு 99 சென்ட் என்று விற்கத் தொடங்கியது. பூட்டின் பெயர் ஃபேர்ப்ளே. தொடக்கத்தில் 3 கணினிகளில் கேட்கலாம், 2004 முதல் 5 கணினிகளில் கேட்கலாம். கையடக்கக் கருவி என்றால் ஐபாட் மட்டும். 2004-இல் மைக்ரோசாஃப்ட் தன் பூட்டைப் பல கடைகளுக்கும் பல கருவித் தயாரிப்பாளர்களுக்கும் கொடுத்து, அதற்கு ‘ப்ளேஸ்ஃபார்ஷ்யூர்’, அதாவது ‘நிச்சயம் ஒலிக்கும்’ என்று முத்திரையும் குத்தியது. 2006 நவம்பரில் அதே மைக்ரோசாஃப்ட் ஸூன் என்ற தன் சொந்தக் கருவியை வெளியிட்டபோது, நிச்சயம் ஒலிக்கும் என்று விற்ற பாட்டுகள் அதில் ஒலிக்கவில்லை. இடையே 2004 ஜூலையில் ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம், தன் கடைப் பாட்டுகளை ஐபாட் ஏற்றுக்கொள்ளும் வடிவில் பூட்டித் தரும் ‘ஹார்மனி’ மென்பொருளை வெளியிட்டது. ஆப்பிள் அதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த ஆண்டின் முடிவுக்குள் வந்த புதிய ஐபாட் மென்பொருளில் அந்தப் பாட்டுகள் ஒலிக்காமல் போயின. பூட்டு திருடனைத் தடுப்பதற்கு என்று சொல்லப்பட்டது. இங்கே தடுக்கப்பட்டது பணம் கொடுத்து வாங்கிய வாடிக்கையாளரும் பக்கத்துக் கடைக்காரரும்தான்.

இந்த நிலையில்தான் பூட்டுகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் முயற்சிகள் தொடங்கின. அவற்றை மூன்று வழிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு பூட்டின் மொழியை மற்றொன்றுக்குப் பெயர்த்துச் சொல்வது ஒன்று. எல்லோரும் ஒரே பூட்டைப் பயன்படுத்துவது இரண்டாவது. பூட்டுகள் எப்படியும் இருக்கட்டும், யார் எதை வாங்கினார் என்ற கணக்கை மட்டும் பொதுவான ஓரிடத்தில் வைப்பது மூன்றாவது.

முதல் வழியில் நடந்தது கோரல் கூட்டமைப்பு. 2004 அக்டோபரில் ஹெச்பி, இண்டர்ட்ரஸ்ட், பானசோனிக், பிலிப்ஸ், சாம்சங், சோனி, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஆகியவை சேர்ந்து இதைத் தொடங்கின. அதன் வடிவமைப்பு நம் சொத்துப் பத்திரங்களை நினைவூட்டுவது. நீங்கள் இந்தப் படத்தை இந்த நிபந்தனைகளோடு வாங்கியிருக்கிறீர்கள் என்ற செய்தி எந்தப் பூட்டையும் சாராத ஒரு மூலப்பத்திரமாக இருக்கும். வேறொரு நிறுவனத்தின் கருவி கேட்கும்போது, அந்த மூலத்தைப் பார்த்து அந்தக் கருவியின் பூட்டுக்கு உரிய உரிமத்தைப் புதிதாக எழுதித் தருவார்கள். காகிதத்தில் அழகான ஏற்பாடு. சிக்கல், மொழிபெயர்ப்பாளர்கள் நன்கறிந்த சிக்கலே. ‘30 நாளுக்குள் பார்க்கத் தொடங்கலாம், தொடங்கியபின் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைச் சொல்ல ஒரு பூட்டில் இலக்கணம் இருக்கும், இன்னொன்றில் அப்படியொரு காலமே இருக்காது. மூலத்தில் உள்ளதைச் சொல்ல முடியாதபோது கவிதை மொழிபெயர்ப்பாளர் எதையேனும் இழக்கச் சம்மதிப்பார். இங்கே அப்படிச் சம்மதிக்க யாருக்கும் உரிமையில்லை. அனுமதி மறுப்பதுதான் பாதுகாப்பான மொழிபெயர்ப்பு. இன்னொரு தடை நம்பிக்கை சார்ந்தது. எல்லாப் பூட்டுகளும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டால் மொத்தத்தின் வலிமை அவற்றுள் மிக மெலிந்த பூட்டின் வலிமையே. அது உடைந்தால் இழப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பொறியியலில் விடையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் கோரலில் சேரவில்லை. சந்தையின் இரண்டு பெரிய பூட்டுகளும் இல்லாத மொழிபெயர்ப்பு அகராதியாக அது நின்றுபோயிற்று.

இரண்டாம் வழியில் 2005 ஜனவரியில் மார்லின் வந்தது. இண்டர்ட்ரஸ்ட், பானசோனிக், பிலிப்ஸ், சாம்சங், சோனி சேர்ந்து உருவாக்கிய பொதுப் பூட்டு. இதன் உள்ளமைப்பு எங்களை மிகவும் கவர்ந்தது. அதில் மனிதர், கருவி, குடும்பம், சந்தா ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. புள்ளிகளுக்கிடையே ‘இது இவருடையது’, ‘இவர் இந்தக் குடும்பத்தவர்’ என்று கோடுகள் இழுக்கப்படும். ஒரு கருவி படத்தைத் திறக்க முயலும்போது, அந்தக் கருவியிலிருந்து புறப்பட்டு வாங்கிய மனிதரைக் கோடுகள் வழியே சென்றடைய முடிகிறதா என்று மட்டும் பார்க்கும். முடிந்தால் திறக்கும். நம் ஊரில் முன்பின் தெரியாத இருவர் சந்தித்தால் ஊரையும் பேரையும் கேட்டு, யார் வழியில் யார் உறவு என்று தேடிக் கண்டுபிடித்து, பிறகு இலை போடுவதைப் போன்றது இது. உறவுமுறையைப் புரிந்துகொண்ட பூட்டு என்றே சொல்லலாம். ஆனால் கோடுகளை இழுக்கும் உரிமை குடும்பத்தவருக்கு இல்லை. சேவை நடத்துபவர் இழுத்துத் தருவார்; அவர் இட்ட கெடு முடிந்ததும் கோடு அழிந்துவிடும். ஜப்பானியத் தொலைக்காட்சிச் சேவைகளில் மார்லின் பயன்பட்டது. உலகுக்கெல்லாம் ஒரே பூட்டு என்ற கனவு மட்டும் நிறைவேறவில்லை.

இதே காலத்தில்தான் ‘அனுமதிக்கப்பட்ட எல்லை’ என்ற கருத்து எல்லா ஆவணங்களிலும் இடம்பெறத் தொடங்கியது. உரிமத்தை ஒரு கருவியோடு முடிச்சுப் போடாமல் ஒரு வீட்டோடு முடிச்சுப் போடலாம் என்பது அதன் அடிப்படை. மனிதாபிமானமான எண்ணம்தான். ஐரோப்பாவின் டிவிபி அமைப்பு இதற்காகவே ஒரு விரிவான வரைவை உருவாக்கியது. ஒரே இல்லத்தில் கூடிவாழ்பவர்களே ஒரு குடும்பம் என்பது அதன் தொடக்கப்புள்ளி. வீட்டுக்குள் ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்குப் படம் செல்லும் வழியைக் காக்க ஹிடாச்சி, இண்டெல், பானசோனிக், சோனி, தோஷிபா ஆகிய ஐந்தும் சேர்ந்து டிடிசிபி என்ற முறையை வகுத்திருந்தன. அது வீட்டு வலையமைப்புக்கு வந்தபோது, கேட்கும் கருவி உண்மையிலேயே அதே வீட்டுக்குள் இருக்கிறதா, இணையத்தின் வழியாக எங்கோ இருந்து கேட்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி எளியது. படத்தை வைத்திருக்கும் கருவி ஒரு செய்தி அனுப்பும். பதில் 7 மில்லி விநாடிக்குள் வந்துவிட்டால் கேட்பவர் வீட்டுக்குள் இருக்கிறார். வராவிட்டால் வெளியே இருக்கிறார். செய்தியும் வழியில் மூன்று தாவல்களுக்கு மேல் தாண்டிச் செல்லக் கூடாது.

இதைப் படித்தபோது நாங்கள் மூவரும் தொலைபேசியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். திருச்சி வீட்டின் கூடத்தில் இருக்கும் விருந்தாளியின் கைபேசி 7 மில்லி விநாடிக்குள் பதில் சொல்லிவிடும். பெங்களூரில் இருக்கும் அம்மாவின் கருவியால் சொல்ல முடியாது. அன்று மாலைதான் அறிமுகமான விருந்தாளி வீட்டுக்குள், பெற்ற தாய் வீட்டுக்கு வெளியே. அளவுகோலில் தவறில்லை, அது தூரத்தைச் சரியாகவே அளக்கிறது. அளக்கப்படும் பொருளின் பெயர்தான் வேறு.

மூன்றாம் வழி, பொதுக் கணக்கு. 2008-இல் உருவான ஒரு பெரிய கூட்டமைப்பு, 2011 அக்டோபரில் அமெரிக்காவில் அல்ட்ராவயலெட் என்ற பெயரில் இதைத் தொடங்கியது. ஹாலிவுட்டின் பெரும்பாலான நிறுவனங்கள் இதில் இருந்தன; டிஸ்னியும் ஆப்பிளும் இல்லை. எங்கே வாங்கினாலும் வாங்கிய செய்தி ஒரு நடுநிலைப் பேரேட்டில் பதிவாகும். வைட்வைன், மார்லின், ஓஎம்ஏ, ப்ளேரெடி, அடோபி ஆகிய ஐந்து பூட்டுகளில் எது உள்ள கருவியிலும் பார்க்கலாம் என்பது திட்டம். ஒரு கணக்கில் 6 பேர், 12 கருவிகள். முந்தைய எல்லா எண்களையும்விடத் தாராளமான எண்கள் இவை. கோரலின் மூலப்பத்திரத்துக்கு இதில் ஒரு பதிவு அலுவலகமும் கிடைத்துவிட்டது எனலாம். ஆயினும் பதிவு அலுவலகம் நிரந்தரமாக இருக்கும் என்ற உறுதி பத்திரத்தில் எழுதப்படவில்லை. 2019 ஜூலை 31 அன்று அல்ட்ராவயலெட் மூடப்பட்டது. தங்கள் கணக்கை ஏதேனும் ஒரு கடையோடு இணைத்துவைத்திருந்தவர்களின் படங்கள் பெரும்பாலும் அந்தக் கடையில் தங்கின. பொதுப் பேரேடு போயிற்று. டிஸ்னியின் முன்முயற்சியில் 2017-இல் வந்த மூவிஸ் எனிவேர் அதே பணியை இன்னும் செய்கிறது, அமெரிக்காவுக்குள் மட்டும்.

மூடப்படுவது அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 2008 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட், தன் பழைய எம்எஸ்என் இசைக் கடைக்கான உரிமச் சேவையை அந்த ஆண்டு ஆகஸ்டோடு நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதன்பின் பாட்டுகள் இருக்கும் கணினியில் மட்டும் இருக்கும். புதிய கணினிக்கு மாற்ற முடியாது. எதிர்ப்பு வலுத்ததால் 2011 இறுதிவரை கெடு நீட்டப்பட்டது. அதே 2008-இல் யாஹூ இசைக் கடையும் இதே போன்ற அறிவிப்பைக் கொடுத்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் நூல்கள் அவர்களுடைய கருவிகளிலிருந்து மறைந்தன. பணம் திரும்பக் கிடைத்தது. பணம் திரும்ப வந்தபின் குறையென்ன என்று கேட்கலாம். பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் கடையை மூடிய அன்று, பத்தாண்டுகளாக அவரிடம் நாம் வாங்கிய நூல்களை எல்லாம் நம் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு, பழைய விலையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனால் நாம் என்ன சொல்வோம் என்று நினைத்துப் பார்த்தால் குறை விளங்கும்.

இசையில் இந்தக் கதை வேறுவிதமாக முடிந்தது. பிரான்ஸில் 2006-இல் இயற்றப்பட்ட சட்டம் பூட்டுகளின் ஒத்திசைவைப் பேசியது. நார்வேயில் நுகர்வோர் அமைப்பு ஐட்யூன்ஸ் மீது முறையிட்டது. 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். பூட்டின் இரகசியத்தைப் பல நிறுவனங்களோடு பகிர்ந்துகொண்டால் அது கசிந்துவிடும், கசிந்தபின் அடைப்பதும் கடினம். ஆகவே பூட்டே இல்லாமல் விற்க இசை நிறுவனங்கள் சம்மதிப்பதே நல்லது என்பது அவர் வாதம். அதே ஏப்ரலில் இஎம்ஐ சம்மதித்தது. செப்டம்பரில் அமேசான் பூட்டில்லாத பாட்டுகளை விற்கத் தொடங்கியது. 2009 ஜனவரியில் ஐட்யூன்ஸ் கடையின் எல்லாப் பாட்டுகளும் பூட்டு நீங்கி வரும் என்று ஆப்பிள் அறிவித்தது. கோரலும் மார்லினும் ஹார்மனியும் செய்ய முடியாததைப் பூட்டை எடுத்துவிட்டதே செய்தது. அதனால் இசை அழிந்துவிடவில்லை.

திரைப்படத்தில் பூட்டு நீங்கவில்லை. ஆனால் பொறியாளர்கள் அங்கே உண்மையாகவே வென்றார்கள். 2012-இல் பொது மறையீட்டு முறை ஓர் ஐஎஸ்ஓ தரமாக வெளிவந்தது. ஒரு படத்தை ஒரே ஒருமுறை மறையீடு செய்தால் போதும். அந்த ஒரே கோப்பை கூகுளின் வைட்வைன், மைக்ரோசாஃப்டின் ப்ளேரெடி, ஆப்பிளின் ஃபேர்ப்ளே மூன்றும் தத்தம் வழியில் சாவி பெற்றுத் திறக்கலாம். மறையீட்டின் உள்முறையில் ஆப்பிளுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த வேற்றுமையும் பின்னர் பெருமளவு தீர்ந்தது. 2017 செப்டம்பரில் இணைய உலாவிகள் இந்தப் பூட்டுகளோடு பேசும் முறையை டபிள்யூ3சி தரமாக ஏற்றது. அதை எதிர்த்து மின்னணு எல்லை அறக்கட்டளை அந்த அமைப்பிலிருந்து விலகியது. இன்று நம் வீட்டின் எந்தத் திரையிலும் எந்தச் சேவையும் ஓடுகிறது என்றால் இந்தப் பணியே காரணம். இதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆனால் கூர்ந்து பார்த்தால் ஒத்திசைவு இடம் மாறிவிட்டது தெரியும். நாம் கேட்டது நம் கருவிகளுக்கிடையே ஒத்திசைவு: இந்தக் கடையில் வாங்கியதை அந்தக் கடையின் கருவியில் பார்க்க வேண்டும் என்பது. கிடைத்தது விற்பவரின் கிடங்குக்குள் ஒத்திசைவு: மூன்று கோப்புகள் வைக்க வேண்டிய இடத்தில் ஒரே கோப்பு. ஒரு கடையில் வாங்கிய படம் மற்றொரு கடையின் கணக்குக்கு இன்றும் தானாக வருவதில்லை. வாங்குவதே அரிதாகி, மாதச் சந்தா வழக்கமாகிவிட்டபின் அந்தக் கேள்வியே பலருக்கு எழுவதில்லை. வீடு என்றால் என்ன என்ற வரையறை மட்டும் விற்பவர் கையிலேயே இருக்கிறது. 2023 ஜூலையில் நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கே என்று கண்டிப்புக் காட்டத் தொடங்கியது. ஒரே இணைய இணைப்பில் இருக்கும் கருவிகள் ஒரு வீடு என்பது அதன் கணக்கு. 7 மில்லி விநாடி வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது.

வாடகைக்குப் பார்க்கும் படத்துக்கு இது ஏற்கத்தக்கதாகவே இருக்கலாம். புத்தகத்துக்கு அப்படியில்லை என்பது அப்பா மறைந்தபோது எங்களுக்குத் தெரிந்தது. அவருடைய காகித நூல்களைப் பங்கிட எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. சண்டையும் வந்தது, விட்டுக்கொடுத்தலும் நடந்தது. ஒவ்வொரு நூலிலும் முதல் பக்கத்தில் வாங்கிய நாளும் ஊரும் அவர் கையெழுத்தில் இருந்தன. கடைசி ஆறேழு ஆண்டுகள் அவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வசதியாக மின்னூல்களையே வாங்கினார். 140-க்கு மேற்பட்ட நூல்கள், அவர் அடிக்கோடிட்ட வரிகள், ஓரத்தில் எழுதிய குறிப்புகள் எல்லாம் ஒரு கணக்குக்குள் இருந்தன. அவற்றை எங்களில் ஒருவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று எழுதிக் கேட்டோம். உரிமம் வாங்கியவருக்கு மட்டும் உரியது, பிறருக்கு மாற்றத்தக்கதன்று என்று பணிவான பதில் வந்தது. கடையின் பெயர் இங்கே முக்கியமன்று. இத்தகைய ஒப்பந்தங்களில் பொதுவாகக் காணப்படும் வாசகம்தான் அது. சண்டை போட்டுப் பங்கிடக்கூட அந்த நூல்களில் எங்களுக்கு வழியில்லை என்பதுதான் வருத்தம். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ஒரு சட்டம், இப்படிப்பட்ட விற்பனையில் ‘வாங்குக’ என்று பொத்தான் வைத்தால் கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லைச் சரிசெய்ய முனைந்த சட்டம் என்ற அளவில் அதை நாம் வரவேற்கலாம்.

நம் சட்டம் இதில் சற்று நிதானமானது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டைத் திறக்கும் செயலையே, சில விலக்குகள் நீங்கலாக, தடைசெய்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கே இரண்டாண்டு வரை சிறை என்கிறது. செயலைவிட நோக்கத்தைப் பார்ப்பது நம் அறநூல் மரபுக்கும் நெருக்கமானது. ஆனால் நோக்கம் நல்லதாக இருந்தாலும் பூட்டைத் திறக்கும் வித்தை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சட்டம் கதவைத் தாழிடவில்லை என்பதால் கதவு திறந்துவிடாது.

எழுத்தாளர் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. தமிழ் நூல்கள் வெளியான சில வாரங்களிலேயே ஒளிவருடப்பட்டுக் கைபேசிக் குழுக்களில் சுற்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சில நூறு பிரதிகள் விற்பதே பெரிது என்ற சூழலில் பதிப்பாளரின் அச்சம் போலியானதன்று. ஆனால் அப்படிச் சுற்றுபவற்றில் காகிதத்தை ஒளிவருடியவையும் உண்டு. மின்னூலின் பூட்டு அவற்றைத் தொடுவதேயில்லை. அது தொடுவது விலைகொடுத்து வாங்கிய வாசகரை மட்டும். 2012-இல் டோர் பதிப்பகம் தன் மின்னூல்களின் பூட்டுகளை நீக்கியது. அதே ஆண்டு ஹாரி பாட்டர் மின்னூல்கள் பூட்டில்லாமல், வாங்கியவரின் அடையாளம் மறைவாகப் பொறிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. நூலின் முதல் பக்கத்தில் பெயர் எழுதிவைப்பதன் இக்கால வடிவம் அது. பெயர் எழுதிய நூலை நாம் கண்டவரிடமும் கொடுப்பதில்லை, வேண்டியவருக்குக் கொடுக்கத் தயங்குவதுமில்லை.

பூட்டு வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு நடுவழி இருக்கிறது. பாரிஸில் இயங்கும் எடிஆர்லேப் என்ற அமைப்பு நிர்வகிக்கும் எல்சிபி என்ற மின்னூல் பூட்டை ஐரோப்பாவின் நூலகங்களும் சில கடைகளும் பயன்படுத்துகின்றன. அது நூலை ஒரு கருவியோடு முடிச்சுப் போடுவதில்லை. ஒரு கடவுத்தொடர் தருகிறார்கள். எல்சிபியை ஏற்கும் எந்த நிறுவனத்தின் வாசிப்பு மென்பொருளிலும் அந்தத் தொடரைச் சொன்னால் நூல் திறக்கிறது. இதிலும் விற்பவர் வரம்புகள் விதிக்கலாம், கருவிகளின் எண்ணிக்கை மிகுந்தால் கேள்வி எழுப்பலாம். ஆனாலும் வேறுபாடு பெரியது. அந்தத் தொடரை மனைவியிடம் சொல்வதா, வேறு ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்வதா, பக்கத்து வீட்டு மாணவியிடம் சொல்வதா என்பதை முதலில் தீர்மானிப்பவர் வாங்கியவர். யாரிடம் சொல்கிறாரோ அவர்கள் அவருடைய வீட்டார். எத்தனை மில்லி விநாடி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

தமிழில் மின்னூல் வெளியிடும் பதிப்பாளர்களிடம் பூட்டே கூடாது என்று நாங்கள் வாதாடப்போவதில்லை. பூட்டை யாரிடமிருந்து வாங்குகிறார்கள், அந்தக் கடை மூடினால் வாசகரிடம் என்ன மிஞ்சும், வாசகர் மறைந்தால் அவர் பிள்ளைகளிடம் என்ன மிஞ்சும் என்ற மூன்று கேள்விகளை மட்டும் அவர்கள் முன் வைக்கிறோம். விடை கிடைக்கும்வரை நாங்கள் மூவரும் ஒன்று தீர்மானித்திருக்கிறோம்: ஒருமுறை படித்து முடித்துவிடக்கூடியதை எந்த வடிவிலும் வாங்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல விரும்புவதைக் காகிதத்திலோ பூட்டில்லாத கோப்பிலோ மட்டும் வாங்குவது. இரண்டாம் பட்டியல் ஆண்டுதோறும் நீண்டுகொண்டிருக்கிறது. மூன்று வீட்டு அலமாரிகளிலும் இடம்தான் போதவில்லை.